கொக்கட்டிமலையில் ஓராள் கூடுதல்

கொக்கட்டிமலை தேசிய வனப் பூங்காவில் இதுவரை யாரும் இறந்ததில்லை. இதைப் பூங்காத் திணைக்களமே எழுத்தில் தந்திருக்கிறது. சாய்ந்தமருதைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தபால்காரர் அப்துல் ஸமட்டுக்கு வந்த பதினோராவது பதில் கடிதத்தில், மூன்றாம் பந்தியில் அது இருந்தது.

"மேற்படி வனத்தில் எக்காலத்திலும் மனிதர் வசித்ததில்லை. வசிக்காதவர் அங்கே இறத்தல் இயலாது. இறவாதவரை அடக்கம் செய்தலும் இயலாது. ஆகவே, தங்கள் மனைவியின் கபுறைப் பார்வையிட அனுமதி கோரும் விண்ணப்பத்துக்கு இடமில்லை எனத் தயவுடன் அறியத் தருகிறேன்."

முப்பது வருடம் தபால் பை சுமந்தவர் ஸமட். கடிதம் போட்டால் பதில் வரும், பதில் வந்தால் நியாயமும் பின்னால் வரும் என்று நம்பியே நரைத்தவர். பதில் தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தது. தயவும் கூடவே வந்தது. அந்தத் தயவைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

எக்காலத்திலும் மனிதர் வசிக்காத அந்த வனத்துக்குள் தொண்ணூறாம் ஆண்டு வரை நாற்பது குடும்பங்கள் வசித்தன. அந்த இடத்துக்குக் குருந்தடி வட்டை என்று பெயர். ஸமட் அங்கே பெண் எடுத்து, ஊர் வழக்கப்படி பெண் வீட்டிலேயே குடியிருந்தார். அவருடைய மனைவி ஸுலைஹா இருபத்திரண்டு வயதில் ஒரு பெண் பிள்ளையைப் பெற்றுப் போட்டுவிட்டு, அன்றைக்கே மௌத்தானாள். ஆற்றங்கரை மையவாடியில் அவளை அடக்கினார்கள். அடுத்த வருடம் கலவரம் வந்தது. உடுத்த உடுப்போடு எல்லோரும் கடற்கரைப் பக்கம் ஓடினார்கள். சண்டை ஓய்ந்து திரும்பிப் போய்ப் பார்த்தபோது, அங்கே ஒரு வாசலும், ஒரு பெயர்ப்பலகையும், அனுமதிச்சீட்டு கொடுக்கும் ஜன்னல் ஒன்றும் நின்றன.

அந்தப் பெண் பிள்ளைதான் ஜெனூபா. இப்போது முப்பத்தைந்து வயது, பாலர் பாடசாலை ஆசிரியை. மூன்று மாதமாக அவளுக்கு நித்திரை இல்லை. கண்ணை மூடினால் உம்மா வருகிறாள் என்றாள். முகமே பார்த்திராத உம்மா.

"வந்து என்ன செய்றா மகள்?" என்று ஸமட் கேட்டார்.

"ஒண்டும் கதைக்கிறல்ல வாப்பா. நெத்திய தொடச்சித் தொடச்சிப் பாக்குறா. ஆரோ மஞ்சள் பெயின்ட்டால எழுதிரிக்காங்க. அது போகுதில்ல."

பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிக் கொடுத்தார். கல்முனையில் டொக்டரிடம் காட்டி மாத்திரையும் வாங்கிக் கொடுத்தார். இரண்டும் உம்மாவை ஒன்றும் செய்யவில்லை. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே ஜெனூபா பாயில் சரிந்து விழுந்தாள் என்று பாடசாலையிலிருந்து ஆள் வந்து சொன்ன அன்று, ஸமட் பன்னிரண்டாவது கடிதத்துக்குக் கடதாசியை எடுத்தார்.

"வேணாம் வாப்பா. டிக்கட் எடுத்துக்கிட்டுச் சுற்றுலாவா போவம். கபுறுக்குத்தானே அனுமதி இல்ல. காடு பாக்கப் போறவங்கள்ட்ட ஆரும் கடிதம் கேட்க மாட்டாங்க."

அம்பாறைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். ஓகஸ்ட் வெயிலில் பத்து மணிக்கெல்லாம் வாசலில் நின்றார்கள். வாசலின் இரு பக்கமும் இரண்டு இரும்புத் தூண்கள். நடுவால் ஆள் நடந்தால் "டிங்" என்று ஒரு சத்தம். ஜெனூபா போனாள், டிங். ஸமட் போனார், டிங். வாசல் காவலர் ஜீவராஜ் மேசையில் இருந்த பெரிய பதிவேட்டில் "உள்ளே: 2" என்று எழுதினார்.

"வெளிநாட்டு மிசின் காக்கா. கணக்குப் பிழைக்காது," என்று ஸமட்டிடம் சொன்னார் ஜீவராஜ். "ஒருக்கா ஒரு வெள்ளைக்காரன் உள்ளுக்க வழி தவறிப்போய், ரெண்டு நாளைக்குப் பிறகுதான் பிடிச்சம். அதுக்குப் பிறகு பெரிய கந்தோரில இருந்து சுற்றுநிருபம் வந்திட்டு. உள்ள போன கணக்கும் வெளிய வந்த கணக்கும் சரி வரும்வரைக்கும் கேட் பூட்டேலா. நாங்களும் வீட்ட போகேலா."

அப்போது, தூண்கள் இல்லாத ஊழியர் பக்க வழியால், விளக்கவுரை அலுவலர் அழகரெத்தினம் வந்தார். இஸ்திரி போட்ட காக்கி, கழுத்தில் விசில், கையில் ஒலிபெருக்கி. இரண்டு பேருக்கு முன்னால் நின்று ஒலிபெருக்கியை வாயில் வைத்தார்.

"மதிப்பார்ந்த பயணிகளே, மனிதக் காலடி படாத கன்னி வனத்துக்குத் திணைக்களம் உங்களை வரவேற்கிறது. தயவுசெய்து நடைபாதையில் மட்டும் காலடி வைக்கவும்."

பாதை ஒரு தென்னந்தோப்புக்குள் நுழைந்தது. ஸுலைஹாவின் வாப்பா கயிறு பிடித்து நட்ட தென்னைகள் அவை. ஸமட்டும் நாலைந்துக்குக் கிடங்கு வெட்டியிருந்தார்.

"காட்டுத் தென்னை," என்று ஒலிபெருக்கி சொன்னது. "பறவைகள் விதைத்தவை."

"தேங்காயையா சேர்?" என்று ஸமட் கேட்டார்.

"பெரிய பறவைகள்."

"வரிசையா நிக்குதே?"

அழகரெத்தினம் வரிசையை ஒரு முறை பார்த்தார். "ஒழுங்கான பறவைகள்," என்றார்.

தோப்புக்கு அப்பால் ஒரு கிணறு. சுற்றுக்கட்டுக்குச் சீமெந்து பூசி, பூசியவன் ஈரத்தில் விரலால் "1978" என்று எழுதியிருந்தான். அதன் பக்கத்தில் நட்டிருந்த பலகை, "இயற்கையான வட்டக் குழி, வயது பத்தாயிரம் ஆண்டுகள்" என்றது. அந்த எண்களைப் பற்றி ஜெனூபா கேட்டாள். பாறை வெடிப்பு சில வேளை எண்களைப் போலத் தோன்றும், அது பார்ப்பவரின் மனநிலையைப் பொறுத்தது என்று அழகரெத்தினம் விளக்கினார். ஸமட் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். கீழே கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. கப்பியில்லாத அந்தக் கிணற்றில் கப்பி சுற்றும் சத்தம் அவருடைய காதில் தெளிவாகக் கேட்டது. வெயில் பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு தொப்பியைச் சரிசெய்தார்.

அடுத்தது முதலாம் நீர்வீழ்ச்சி. ஓகஸ்ட் மாதமாகையால் நீர் இல்லை. காய்ந்த கறுப்புப் பாறைதான் நின்றது. அதற்கும் ஒரு பலகை இருந்தது: "நீர் வீழாத மாதங்களில் நீர் வீழ்வதாகக் கருதி மூன்று நிமிடம் ரசிக்கவும்." அழகரெத்தினம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஆரம்பியுங்கள்," என்றார்.

மூவரும் காய்ந்த பாறையை ரசித்தார்கள். இரண்டாவது நிமிடத்தில் அந்தச் சத்தம் வந்தது. கல்லில் துணி அடித்துத் துவைக்கும் சத்தம். அடித்து, அலசி, மறுபடியும் அடித்து. ஜெனூபா வாப்பாவின் கையைப் பிடித்தாள். ஸமட்டுக்கு அந்தக் கை தெரியும். ஸுலைஹா துவைத்தால் அப்படித்தான், மூன்று அடி, ஒரு அலசல். அழகரெத்தினத்தின் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். அவருடைய முகத்தில் வியர்வை கூடிவிட்டது.

"இந்தச் சத்தம் திணைக்களத்தின் பட்டியலில் இல்லை," என்றார். "ஆகவே கேட்க வேண்டாம். அடுத்த இடத்துக்குப் போவோம்."

அடுத்த இடத்தில் மரநிழலில் கற்கள் நின்றன. சில இடத்தில் இரண்டிரண்டாக, சில இடத்தில் மும்மூன்றாக. ஒவ்வொரு கல்லிலும் மஞ்சள் பெயின்ட்டில் ஓர் எண். ஒரு பெயின்டர் குந்தியிருந்து எண்களுக்குப் புதுப்பூச்சுப் பூசிக்கொண்டிருந்தான்.

ஸமட் கற்களை எண்ணினார். மீசான் கற்கள். ஆணின் கபுறுக்கு இரண்டு, பெண்ணின் கபுறுக்கு மூன்று, அதுதான் வட்டையின் வழக்கம்.

அழகரெத்தினத்துக்கு இது பிடித்தமான இடம். குரலை உயர்த்தினார். "இவை எங்கள் பூங்காவின் உயிர்நாடி. எல்லை போட எங்கள் குழு வந்தபோது, பழைய நில அளவையாளர்கள் நட்ட இந்தக் கற்கள் எங்களுக்காகக் காத்திருந்தன. பாருங்கள், எல்லாம் ஒரே திசையில். எவ்வளவு கடமையுணர்ச்சி! இவற்றைப் பிடித்துத்தான் எல்லை போட்டோம். இவை இல்லாவிட்டால் இந்தப் பூங்காவே இல்லை."

அப்போதுதான் ஸமட்டுக்கு எல்லாம் விளங்கியது. மௌத்தானவர்களை எல்லைக்கல்லாக்கி, அவர்களைக் கொண்டே ஹயாத்தோடு இருந்தவர்களின் காணியை அளந்திருக்கிறார்கள். நாற்பது குடும்பத்தின் காணிக்கும் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆட்கள் கடைசியில் எதிர்த்தரப்புக்குச் சாட்சி நின்றிருக்கிறார்கள்.

"இப்போது இவை நடைபாதையின் தூரக் கற்களாகவும் சேவை செய்கின்றன," என்று ஒலிபெருக்கி தொடர்ந்தது. "கல்லுக்குக் கல் நூறு மீற்றர்."

"சேர், இது ரெண்டுக்கும் இடையில ஒரு முழம்தானே?" என்றாள் ஜெனூபா.

"பயணிகள் களைப்பின்றி இரண்டு கிலோமீற்றரை இருபது எட்டில் கடக்கும் ஒரே பூங்கா இதுதான். வெளிநாட்டவர் கருத்துப் புத்தகத்தில் பாராட்டி எழுதியிருக்கிறார்கள்."

ஸமட் அதற்குள் நகர்ந்துவிட்டார். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. நடுவில் நின்ற பதினெட்டாவது கல் அம்மிக் குழவி. அன்றைக்கு மழை. மூன்றாவது கல் தேட வழியில்லாமல், ஸுலைஹா முதல் நாள்வரை மிளகாய் அரைத்த குழவியை அவரே தோளில் சுமந்து வந்து நட்டார். அவளுடைய கை பிடித்துப் பிடித்து வழுவழுப்பான அதே இடத்தில் "18" என்று எழுதியிருந்தார்கள்.

"இதுதான்," என்றார் ஸமட். 

ஜெனூபா ஸலாம் சொன்னாள். பிறகு குந்தியிருந்து, முந்தானையால் குழவியைத் துடைத்தாள். ஈரப் பெயின்ட் துணியில் ஏறியது. பெயின்டர் பதறி, பூச்சுத் தூரிகையோடு வந்தான்.

"நிறுத்து," என்றார் அழகரெத்தினம். "சுற்றுநிருபம் நாலு. பயணி ஒருவர் உள்ளே நிற்கையில் அவர் நிற்கும், தங்கும் இடத்தில் ஒரு கல்லையும் அசைக்கக் கூடாது, பூசக் கூடாது. அவர்கள் போன பிறகு பூசு." பிறகு ஜெனூபாவைப் பார்த்தார். "தங்கச்சி, என்ன செய்றீங்க?"

"இது எங்கட உம்மா."

அழகரெத்தினம் குழவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கையேட்டைப் புரட்டினார். "ஆற்றினால் தேய்ந்த உருளைக் கல்," என்று வாசித்தார். ஆனால் அதை ஒலிபெருக்கியில் வாசிக்கவில்லை.

மூவரும் வாசலுக்குத் திரும்பினார்கள். ஜெனூபா தூண்களுக்கு நடுவால் வெளியே போனாள், டிங். ஸமட் போனார், டிங். ஜீவராஜ் பேனாவை எடுத்தார்.

டிங்.

தூண்களுக்கு நடுவில் யாரும் இல்லை. குரங்கு இல்லை, நாய் இல்லை, ஒரு சருகுகூட அசையவில்லை. வாசலைத் தாண்டி வெளியே ஓர் ஈரமான காற்று போனது. அந்த வெயிலில் அது கிணற்றடியிலிருந்து வந்ததைப் போலிருந்தது.

"மூண்டு," என்றார் ஜீவராஜ் மெல்ல.

மிசினின் கணக்குப் பிழைக்காது என்பதால் மனிதர்கள்தான் எங்கோ பிழை விட்டிருக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆராய்ந்தார்கள். ஜீவராஜ் தேவாரம் முணுமுணுத்தார். அழகரெத்தினம் சுற்றுநிருபங்களை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் வாசித்தார். கடைசியில் "மேலதிக வெளியேற்றப் படிவம்" என்று ஒன்று அகப்பட்டது. அவருடைய முகம் தெளிந்தது. பேய்க்கு ஒரு படிவம் இருந்தால் அது பேயாகாது என்று அவருடைய முகம் சொன்னது.

"காக்கா, மூண்டாவது ஆளிட பேரச் சொல்லுங்க. நிரப்பிப்போட்டு வீட்ட போவம்."

"எங்களோட மூண்டாவது ஆள் இல்ல சேர்."

"மிசின் இரிக்கெண்டு சொல்லுது. நீங்க இல்லெண்டு சொன்னா நான் எப்படி நம்புற?"

மௌத்தானவர்கள் எழும்பி நடப்பதில்லை என்பது ஸமட்டின் ஈமான். அதில் அவருக்கு மறுபேச்சில்லை. ஆனால் பதினொரு கடிதத்தில் கேட்டும் எழுத மறுத்த பேரை அரசாங்கம் இப்போது தானாகவே பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறது.

"ஸுலைஹா உம்மா," என்றார். "வயசு இருபத்திரண்டு."

"உள்ளே வந்த திகதி?"

"பொறந்ததே உள்ளுக்கதான். அறுபத்தேழாம் ஆண்டு, ஜூன் ரெண்டு."

"வந்த நோக்கம்?"

"குடியிருந்தது."

"அப்படி ஒரு கட்டம் இல்ல. சுற்றுலா, ஆராய்ச்சி. ரெண்டுதான்." அழகரெத்தினம் சுற்றுலாவில் சரி போட்டு, ஒப்பமிட்டு, முத்திரை குத்தினார். பிரதியொன்றை ஸமட்டிடம் நீட்டினார்.

பஸ்ஸில் ஸமட் அந்தப் பிரதியை எத்தனை தடவை வாசித்தார் என்று கணக்கில்லை. கொக்கட்டிமலையில் ஸுலைஹா என்றொரு மனுசி இருந்தாள் என்று, திணைக்களத்தின் சொந்த முத்திரையோடு. அவருக்குச் சந்தோசமாக இருந்தது. மகளின் முகத்தைப் பார்க்கும்வரைதான் அந்தச் சந்தோசம்.

அன்றிலிருந்து ஜெனூபாவுக்குக் கனவு வரவில்லை. கனவில் வந்தவள் இப்போது வீட்டில் இருந்தாள். பட்டப்பகலில் குசினியில் சட்டி நகரும். பூட்டிய குழாய் திறந்து ஓடும். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த சின்ன வீடு, திரும்பினால் சுவரில் முட்டும்.

"உம்மாக்கு இஞ்ச ஒண்டும் தெரியல்ல வாப்பா," என்றாள் ஜெனூபா. கண்ணைச் சுற்றிக் கறுத்துக் கிடந்தது. "அம்மியத் தேடுறா. எங்கட வீட்டுல ஏது அம்மி, மிக்சிதானே. குழவி இல்லாம கையப் பிசைஞ்சிக்கிட்டு நிக்கிறா. பாவமா இரிக்கி."

மூன்றாம் வாரம் திணைக்களத்திலிருந்து, ஸமட் கேட்காமலே, ஒரு கடிதம் வந்தது. "திருமதி ஸுலைஹா உம்மா அவர்கள் பூங்காவிலிருந்து வெளியேறிவிட்டமை பதிவேட்டில் உறுதியாவதால், தாங்கள் முன்னர் குறிப்பிட்ட இடம் தற்போது வெறுமையாக உள்ளது. ஆகவே 17, 18, 19ஆம் கற்களைப் பிடுங்கி வாகனத் தரிப்பிடத்தில் நடத் தீர்மானிக்கப்பட்டுள்ளது. 18ஆம் கல் வடிவாக உருண்டிருப்பதால் வாசலில் வைக்கப்படும். திருமதி ஸுலைஹா உம்மா மீண்டும் வர விரும்பின், படிவம் 9இல் விண்ணப்பிக்கலாமெனத் தயவுடன் அறியத் தருகிறேன்."

ஸமட் கடிதத்தை மடித்து வைத்தார். அவர் தேடிப் பெற்ற ஒரே அத்தாட்சியைக் கொண்டே அவளுடைய கபுறைக் காலியாக்கிவிட்டார்கள். அன்றைக்கு முழுவதும் அவர் சாப்பிடவில்லை. மாலையில் அஸர் தொழுதுவிட்டு வந்து, கடிதத்தோடு இணைத்திருந்த படிவம் 9ஐ எடுத்து வைத்து, தபால்காரரின் குண்டு எழுத்தில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். தங்கும் இடம்: 17 முதல் 19 வரை. நோக்கம்: சுற்றுலா. வெளியேற உத்தேசித்துள்ள நாள் என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்தார். பிறகு "கியாமத் நாள்" என்று எழுதினார். எல்லா மௌத்துகளும் எழுப்பப்படும் அந்த நாளைவிட நிச்சயமான ஒரு திகதி அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பெரிய கந்தோரில் யாரும் படிவத்தை வாசிப்பதில்லை. கட்டங்கள் நிரம்பியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். எட்டாம் நாள் "அனுமதிக்கப்பட்டது" என்று வந்தது. கீழே பேனாவால் ஒரு குறிப்பு: மேற்படி தினத்தில் மாலை ஐந்து மணிக்கு முன் வெளியேற வேண்டும்.

இந்த முறை வாசலில் இரண்டு கூலியாட்கள் கல் பிடுங்கும் அலவாங்கோடு நின்றார்கள். தரிப்பிடத்தில் மூன்று கிடங்கு வெட்டித் தயாராக இருந்தது. ஜெனூபா முன்னால் போனாள், டிங். ஸமட் போனார், டிங். இருவரும் உள்ளே நின்று திரும்பிப் பார்த்தார்கள். ஜெனூபா, சின்னப் பிள்ளையைக் கூப்பிடுவதைப் போல, "வாங்க உம்மா," என்றாள்.

டிங்.

ஜீவராஜ் "உள்ளே: 3" என்று எழுதினார். அலவாங்குக்காரர்களில் ஒருவன் அலவாங்கைக் கீழே வைத்துவிட்டுத் தன் சைக்கிளைத் தேடினான்.

கபுறடியில் ஸமட் யாசீன் ஓதினார். ஜெனூபா சாய்ந்தமருதிலிருந்து போத்தலில் கொண்டு வந்த மண்ணெண்ணெயால் குழவியைத் துடைத்தாள். பயணி நிற்கும் இடமல்லவா, தடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. மஞ்சள் முழுக்கப் போனது. கீழே பழைய கருங்கல், ஸுலைஹாவின் கைப்பட்ட வழுவழுப்போடு. ஜெனூபா அதில் தன் நெற்றியை வைத்தாள். வெகுநேரம் அழுதாள்.

"போய்ட்டு வாறன் உம்மா," என்றாள் பிறகு.

வெளியே வரும்போது ஒரு டிங். இன்னொரு டிங். எல்லோரும் காத்திருந்தார்கள். அழகரெத்தினம் தூணைத் தட்டிப் பார்த்தார். மூன்றாவது சத்தம் வரவில்லை.

"காக்கா, மத்த ஆள் எங்க?"

ஸமட் அனுமதிப் பத்திரத்தை நீட்டினார். அழகரெத்தினம் வாசித்தார். வெளியேறும் நாளுக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இது எப்ப வரும்?"

"அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும் சேர்."

"அதுவரைக்கும் கல்லத் தொடேலாதே."

"ஓம் சேர். சுற்றுநிருபம் நாலு."

"கணக்குச் சரி வரும்வரைக்கும் கேட் பூட்டேலா. நாங்க வீட்ட போகவும் ஏலா." அதைச் சொல்லும்போதுதான் அது அவருக்கே விளங்கியது. கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"நானும் அரசாங்க உத்தியோகம் பாத்தவன்தான்," என்றார் ஸமட். குரலில் கோபம் இல்லை. "பொறுமையா இரிங்க சேர். பதில் வரும்."

வாசலுக்கு எதிரே பஸ் தரிப்பிடம். பிளாஸ்டிக் இருக்கையில் உட்கார்ந்த உடனேயே ஜெனூபாவின் தலை வாப்பாவின் தோளில் சாய்ந்தது. வாய் கொஞ்சம் திறந்திருக்க, நாலு மாதத்தில் முதல் முறையாக அவள் தூங்கினாள். ஸமட் அசையாமல் இருந்தார்.

ஐந்து மணி ஆனது. ஐந்தரையும் ஆனது. வாசல் திறந்தபடியே கிடந்தது. ஜீவராஜ் விளக்கு ஒன்றைக் கொளுத்தித் தூணடியில் வைத்தார். அழகரெத்தினம் காட்டின் பக்கம் திரும்பி நின்றார். ஒலிபெருக்கியை உயர்த்தினார், பிறகு அதைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, வெறும் வாயால் கூப்பிட்டார்.

"ஸுலைஹா அம்மா, நேரமாகிட்டு. கொஞ்சம் வெளிய வாறீங்களா?"

எக்காலத்திலும் மனிதர் வசிக்காத வனம் பேசாமல் இருந்தது. கொஞ்ச நேரத்தில், தண்ணீரில்லாத நீர்வீழ்ச்சிப் பக்கமிருந்து, துணி துவைக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது. மூன்று அடி, ஒரு அலசல்.

அம்பாறை பஸ் வந்து நின்றது. ஸமட் மகளை எழுப்பவில்லை. கையை அசைத்து அதைப் போகச் சொன்னார்.